பாயிண்ட் டூடூ சுடப் போகிறவர் காதுக்கு வாங்க வேண்டியவை

ஏர் ரைஃபிளில் சில மாதம் பழகி, கோச் வாயிலிருந்து "இனி டூடூ (.22 அங்குலத் தோட்டா போடும் துப்பாக்கி) எடுக்கலாம்" என்ற சொல் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரை வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பது. எது நீளம், எது எடை குறைவு, எது பிஸ்டலுக்கு, எது ரைஃபிளுக்கு என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். மதுரையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. நம் ஊரில் சைலன்சர் என்றால் புல்லட் வண்டியின் புகைக்குழாய், அவ்வளவுதான்.

சட்டம் இதில் வழவழா கொழகொழா என்று இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்கிறது. அந்த விளக்கத்துக்குள்ளேயே, வெடிச் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைப்பதற்காகச் செய்த துணைக்கருவியும் வருகிறது. அதாவது தனியாக ஒரு சைலன்சர் கையில் இருந்தாலே சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கி. அதுவும் தடை செய்யப்பட்ட வரிசையில் வைத்த பொருள்; உங்களிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது இதற்கு உதவாது. ஆன்லைனில் "கிளீனிங் கிட்", "சால்வென்ட் ட்ராப்" என்ற பெயரில் வரும் குழாய்களையும் தொடாதீர்கள். பெயர் மாறினால் பொருள் மாறாது.

பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள். 1909-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் ஹிரம் பெர்சி மாக்சிம், பிறகு எஞ்சின்களுக்கும் இதே வேலையைச் செய்யும் கருவிகளைத் தயாரித்து விற்றார். வண்டிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் இல்லை. ஆனால் அங்கேயும் சினிமாவில் வருவதுபோல "புஸ்" என்று முடிந்துவிடாது. .22 போன்ற ரிம்ஃபயரில் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) நல்ல சைலன்சர் இருபது, இருபத்தைந்து டெசிபல் குறைக்கும். காதுக்குள் ஒழுங்காகச் செருகிய இயர் ப்ளக்கும் காதை வெளியே மூடும் மஃப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும். ஆகவே நமக்கு இருக்கிற ஒரே கேள்வி: சத்தத்தைக் குழல் முனையில் நிறுத்த முடியாது, காது வாசலில் எப்படி நிறுத்துவது?

சின்னத் தோட்டாதானே?

புதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். .22 எல்.ஆர். தோட்டாவிலிருந்து பறக்கும் ஈயக் குண்டு 40 கிரெய்ன், நம் கணக்கில் 2.6 கிராம். அதிர்வு இல்லை, தோளில் இடி இல்லை. அதனால் சத்தமும் சின்னதுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ரைஃபிளில் சுடும்போது சுடுபவர் காதருகே உச்ச அளவு 140 டெசிபல் பக்கம் வரும். பிஸ்டலில் 150-ஐத் தாண்டும். பெரியவர்களுக்கு ஒரு நொடிகூடத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் எல்லை 140. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இன்னும் கீழே, 120.

இதை நமக்குத் தெரிந்த ஒன்றோடு வைத்துப் பாருங்கள். பட்டாசுக்கு இந்தியாவில் ஒரு வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்சம் 145 டெசிபலைத் தாண்டக்கூடாது. பிஸ்டல் சுடுபவருக்கு அந்த வெடி நான்கு மீட்டர் தள்ளி இல்லை, ஒரு கை நீளத்தில். ஒரு நாள் பயிற்சியில் 60 முதல் 100 முறை. அழகர் புறப்பாட்டில் அதிர்வேட்டு போடும்போது காதைப் பொத்திக்கொள்ளும் அதே ஆள், ரேஞ்சில் "டூடூதானே" என்று வெறும் காதோடு நிற்பதைப் பார்க்கலாம்.

பிஸ்டல் ஏன் அதிகம்? போட்டி ரைஃபிளின் குழல் சுமார் 65 சென்டிமீட்டர் நீளம். .22-இல் இருக்கும் கொஞ்சம் வெடிமருந்து அந்த நீளத்துக்குள் முழுக்க எரிந்து, வாயுவின் அழுத்தமும் தணிந்துவிடும். பிஸ்டல் குழல் 12, 15 சென்டிமீட்டர்தான். வாயு கொதிக்கக் கொதிக்க வெளியே பாய்கிறது. போதாக்குறைக்கு வெடிக்கும் முனை முகத்துக்கும் பக்கத்தில்.

தகர ஷீட் கூரையும் பக்கச் சுவரும் உள்ள ரேஞ்ச் என்றால் சத்தம் திரும்பி வந்து அடிக்கும். திறந்த வெளியில் ஒரு அடி, கூரைக்குக் கீழே ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு மூன்று அடி. பக்கத்து லேனில் ஒருவர் இதைவிடப் பெரிய .32 சுட்டால் உங்கள் கணக்கு மொத்தமும் மாறிப்போகும். எனவே எதை வாங்குவது என்பது உங்கள் கையில் என்ன துப்பாக்கி என்பதோடு நிற்பதில்லை. எந்தக் கூரைக்குக் கீழே, யார் பக்கத்தில் என்பதும் சேர்ந்தது.

தோட்டாப் பெட்டியில் பார்க்க வேண்டிய எண்

துப்பாக்கிச் சத்தத்தில் இரண்டு பங்கு. ஒன்று, குழல் முனையில் வாயு பீறிடும் வெடி. இன்னொன்று, ஈயம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் வரும் சாட்டை அடி போன்ற "சடக்". முதலாவதைத் தோட்டாவை மாற்றி முழுக்கத் தவிர்க்க முடியாது. இரண்டாவதை முடியும்.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு ஏறும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். சித்திரை மாத மதுரையில் 38 டிகிரி என்றால் 354 மீட்டர். போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் 325 முதல் 330 மீட்டரில் வரும்படி செய்யப்பட்டவை. எலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்-50, எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான். நம் வெயிலில் இவை "சடக்" போட வாய்ப்பே இல்லை. "ஹை வெலாசிட்டி" என்று போட்டவை 370 மீட்டருக்கு மேல் போகும். குளிர்நாட்டில் தோட்டா ஒலிவேகத்தைத் தொட்டுத் தொட்டுப் போவதைப் பற்றி அங்கிருக்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மதுரைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலால் நமக்குக் கிடைக்கிற ஒரே லாபம் இதுவாகத்தான் இருக்கும்.

பெட்டியில் வேகம் அடிக் கணக்கில் போட்டிருந்தால் 0.305-ஆல் பெருக்குங்கள். 1,080 அடி என்றால் 329 மீட்டர். 1,250 அடி என்றால் 381. பழக வந்தவருக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போதும். சத்தமும் குறைவு, இலக்கில் குண்டுகளும் நெருக்கமாக விழும். அதற்கும் மெதுவான தோட்டாக்களும் இருக்கின்றன. ஆனால் தானாக அடுத்த குண்டை ஏற்றும் பிஸ்டலில் அவற்றைப் போட்டால் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) முழுசாகப் பின்னால் போகாமல் காலி உறை வாசலில் சிக்கி நிற்கும். நெருக்கிப் பிடித்த போட்டி நேரத்தில் அது வேண்டாத தலைவலி.

ப்ளக் முதலில்

நுரை ப்ளக் ஒரு ஜோடி டீ, வடைக் காசுக்குள் வந்துவிடும். சரியாகப் போட்டால் விலை கூடிய மஃப்பைவிட அதிகம் தடுக்கும். தப்பாகப் போட்டால் காதில் பஞ்சு வைத்த மாதிரிதான். பஞ்சு ஐந்தாறு டெசிபலுக்கு மேல் தடுக்காது; பாட்டி சொன்ன பஞ்சை ரேஞ்சுக்குக் கொண்டு வராதீர்கள். செல்போன் இயர்பட்ஸும் அப்படித்தான். அதன் சத்தம் குறைக்கும் வித்தை பஸ் இரைச்சலுக்கானது, வெடிக்கு அல்ல.

ப்ளக் போடுவது ஒரு கைப்பழக்கம். ரேஞ்சில் போய்க் கற்றுக்கொள்ளாமல் வீட்டில் கண்ணாடி முன் நின்று பத்து முறை போட்டுப் பாருங்கள்.

முதலில் கை கழுவுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பில் இருக்கும் தீமருந்தில் ஈயச் சேர்மம் உண்டு. ஈயமும் வெறுமனே வெளியே தெரிகிறது. பத்துக் குண்டு ஏற்றிய விரலால் ப்ளக்கை உருட்டினால் அந்தத் தூள் அப்படியே காதுக்குள் போகும். ஆகவே ப்ளக் போட்ட பிறகுதான் தோட்டாப் பெட்டியைத் திறப்பது. நடுவில் கழற்றினால் அந்த ஜோடி குப்பைக்கு.

ப்ளக்கைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றுக்கும் நடுவே வைத்து, அழுத்தம் கொடுத்தபடி மெதுவாக உருட்டுங்கள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், அதுவரை ஒடுங்க வேண்டும். நசுக்கிவிட்டு மடித்தால் மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியாகச் சத்தம் ஓடும். அடுத்தது எல்லாரும் விட்டுவிடுகிற படி: வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய், காதின் மேல் நுனியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுக் குழாய் நேராக இல்லை, வளைந்தது. இழுத்தால்தான் நேராகும். இழுத்துப் பிடித்தபடியே ப்ளக்கை உள்ளே தள்ளி, விரல் நுனியை அதன் மேல் வைத்து முப்பது விநாடி அசையாமல் இருங்கள். விரலை உடனே எடுத்தால் நுரை விரிகிற வேகத்தில் வெளியே நகர்ந்து வரும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. நேரே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு ப்ளக் காதுக்கு வெளியே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது. பிறகு, ஃபேன் ஓடும் அறையில் ப்ளக்கோடு நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கி மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் ப்ளக் சரியாக அடைக்கவில்லை. வித்தியாசமே தெரியாவிட்டால் சரி. உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டால் அதுவும் நல்ல அடையாளம். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்க வேண்டாம். லேசாகத் திருகி மெதுவாக எடுங்கள்.

சிலருக்குக் காதுக் குழாய் சின்னது. எந்த நுரையும் நிற்காது. சின்ன அளவு ப்ளக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், காது கேட்கும் கருவி விற்கும் கடைகளில் காதின் அச்சு எடுத்து மோல்டு செய்து கொடுப்பார்கள். நடுவில் காற்றுத் துளை வைக்காமல், திடமாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் கை வழக்கம் கேட்க வைப்பது. நீங்கள் கேட்பது அடைக்க.

காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் உள்ளே வைக்கக்கூடாது. அவர்களுக்கு மஃப் மட்டும்தான், ஆறும்வரை ஏர் ரைஃபிள் மட்டும்தான்.

மஃப் வாங்கும்போது

விளையாட்டுச் சாமான் கடையைவிட ஹெல்மெட், கையுறை, சேஃப்டி ஷூ விற்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கடைதான் இதற்குச் சரி. கப்பலூர் சிட்கோவில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெட்டியில் இந்தியத் தரமான ஐ.எஸ். 9167 அல்லது ஐரோப்பியத் தரமான ஈ.என். 352 என்று இருக்கிறதா பாருங்கள். எந்தத் தரமும் போடாமல் "36 டெசிபல்" என்று மட்டும் பெரிய எழுத்தில் அடித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் படிக்கும் விதம் இப்படி. அமெரிக்கப் பெட்டியில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பியப் பெட்டியில் எஸ்.என்.ஆர். என்றும் இருக்கும். ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். சில டெசிபல் கூடுதலாகவே காட்டும், எனவே இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். இரண்டுமே ஆய்வகத்தில் கவனமாகப் போட்டு அளந்த எண். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் நயாஷ் ஒரு கழிவுக் கணக்கு வைத்திருக்கிறது: மஃப் என்றால் என்.ஆர்.ஆரில் கால்வாசியைக் கழிக்க வேண்டும், நுரை ப்ளக் என்றால் பாதியை, மற்ற ப்ளக் என்றால் எழுபது சதவீதத்தை.

32 என்று போட்ட ப்ளக் கையில் 16. 24 என்று போட்ட மஃப் கையில் 18. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 34 கிடைத்துவிடாது. அதிகம் உள்ளதோடு 5 கூட்டிக்கொள்வது வழக்கம், ஆக 23. 155 டெசிபல் பிஸ்டலுக்கு மஃப் மட்டும் என்றால் 137. எல்லைக்கு மூன்றே டெசிபல் கீழே, கத்தி முனையில் நிற்பதுபோல. இரண்டும் சேர்ந்தால் 132. வெடிச் சத்தத்துக்கு இந்தக் கணக்கு தோராயம்தான், என்றாலும் முடிவெடுக்க இது போதும்:

திறந்த வெளியில் .22 ரைஃபிள், பக்கத்தில் வேறு பெரிய துப்பாக்கி இல்லை: நல்ல ப்ளக் அல்லது நல்ல மஃப், ஏதாவது ஒன்று.
.22 பிஸ்டல், அல்லது கூரைக்குக் கீழே எதுவானாலும்: இரண்டும்.
பதினாறு வயதுக்குக் கீழே என்றால் எந்த இடமானாலும் இரண்டும். பேச்சே இல்லை.

இன்னும் ஒரு எல்லை உண்டு. காதை எவ்வளவுதான் அடைத்தாலும் மண்டை எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போகும். அதனால் மூன்றாவதாக ஒன்றைப் போட்டுப் பயன் இல்லை.

கண்ணாடி, கட்டை, வியர்வை

பெட்டி எண்ணைவிட முக்கியமானது மஃப்பின் மெத்தை தோலோடு ஒட்டி நிற்பது. அங்கே நூல் அளவு இடைவெளி விட்டாலும் வாங்கிய காசு வீண்.

முதல் எதிரி கண்ணாடிக் கம்பி. ரேஞ்சில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதன் கால் காதுக்கு மேலே மெத்தையைத் தூக்கிவிடும். கால் தட்டையாக, மெல்லியதாக உள்ள கண்ணாடியாகத் தேர்ந்தெடுங்கள். மஃப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கம்பி போகும் இடத்தில் சுட்டுவிரலால் தடவிப் பாருங்கள். மெத்தை கம்பியைச் சுற்றி அமுங்கியிருந்தால் சரி. கம்பிக்கு முன்னும் பின்னும் சின்ன முக்கோணச் சந்து விரலில் தட்டுப்பட்டால் அந்த ஜோடி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தடிமனான சட்டமுள்ள பவர் கண்ணாடியை விட முடியாதவர்களுக்குப் ப்ளக்தான் அடிப்படை. மஃப் அதற்கு மேலே துணை. தொப்பி, காதுக்கு மேல் வரும் பின்னல், கனமான ஜிமிக்கி எல்லாம் இதே கணக்கில் வரும்.

இரண்டாவது, ரைஃபிளின் கட்டை, அதாவது தோளிலும் கன்னத்திலும் அண்டக் கொடுக்கும் பின்பகுதி. கன்னத்தை வைத்ததும் வலது பக்க மஃப்பின் கீழ் விளிம்பு கட்டையில் இடித்து மேலே தூக்கும். கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் இது தெரியாது. கோச் இருக்கும்போது, காலித் துப்பாக்கியைத் தூக்கிக் கன்னம் வைத்து, இன்னொருவரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இடித்தால், காதை மூடும் கிண்ணம் அகலமாக உள்ளது வேண்டாம்; ஒல்லியான கிண்ணம் உள்ள மஃப் வாங்குங்கள். அதன் எண் கொஞ்சம் குறைவாக இருக்கும். 30 போட்டு இடைவெளி விடும் மஃப்பைவிட 22 போட்டு ஒட்டி நிற்கும் மஃப் மேல். படுத்துச் சுடும் நிலையில் எதுவும் ஒத்துவராவிட்டால் ப்ளக்கை மட்டும் ஒழுங்காகப் போடுங்கள்.

பிஸ்டலில் இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு பெரிய கிண்ணமும் போடலாம்.

வலது கைக்காரர் ரைஃபிள் சுடும்போது அதிகம் அடிபடுவது இடது காது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். வலது காது தலையின் நிழலிலும் கட்டையின் பக்கமும் ஒதுங்கி இருக்கிறது. இடது காதுதான் குழல் முனையை நோக்கித் திறந்து கிடக்கிறது. "வலது பக்கம்தானே துப்பாக்கி" என்று வலது காதுக்கு மட்டும் அக்கறை காட்ட வேண்டாம்.

பிறகு வியர்வை. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அரை மணி நேரம் மஃப்போடு நின்றால் மெத்தைக்குள் தண்ணீர் நிற்கும். வழுக்கும், அரிக்கும், கை தானாகத் தூக்கப் போகும். சின்னக் கைத்துண்டு வைத்துக்கொண்டு, தோட்டா இறக்கி எல்லாரும் நிறுத்திய பிறகு மட்டும் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். ஸ்பிரிட் போட்டால் மெத்தைத் தோல் விறைத்து வெடிக்கும். வெயிலில் நிற்கும் காரிலோ பைக் டிக்கியிலோ விட்டாலும் அதே கதி. மெத்தையை விரலால் அமுக்கி விட்டால் உடனே எழ வேண்டும். அமுங்கியது அப்படியே நின்றால், கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால், மெத்தையை மட்டும் மாற்றக் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் மஃப்பை மாற்றுங்கள். தொடர்ந்து சுடுபவருக்கு நம் வெப்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். தலைப்பட்டையை விரித்து விரித்துத் தளர்த்துவது இன்னொரு கெட்ட பழக்கம். முதல் நாள் இறுக்கமாக இருப்பதுதான் அதன் வேலை.

எலக்ட்ரானிக் மஃப்

பேச்சுச் சத்தத்தைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் வெட்டும் வகை இது. கோச் சொல்வது காதில் விழும் என்பதால் புதியவர்களுக்குப் பிடிக்கும், விலையும் கூட. மூன்று விஷயம் தெரிந்து வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது சாதாரண மஃப்பாக வேலை செய்யும். எனவே எலக்ட்ரானிக் வித்தையைவிடக் கிண்ணத்தின் அடிப்படை எண் எவ்வளவு என்று கேளுங்கள். ரேஞ்சில் பெரிய ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலையும் மைக் எடுத்துக் காதுக்குள் கொட்டும். ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். மூன்றாவதுதான் பெரிது: உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டு அமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி, ஒலியை வாங்கித் தரும் எந்தக் கருவி உள்ள காதுப் பாதுகாப்பும் போட்டியில் வீரருக்கு அனுமதி இல்லை. மாவட்டப் போட்டியில் கண்டுகொள்ளாமல் விடலாம். மேலே போகப் போகக் கழற்றச் சொல்வார்கள். போட்டி நோக்கம் உள்ளவர் பழகும்போதே சாதாரண மஃப்பில் பழகிவிடுவது நல்லது.

சுடும் வரிசையில்

காதை அடைத்துக்கொண்டு வரிசைக்குப் போங்கள். வரிசைக்குப் போய் அடைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எப்போது சுடுவார் என்று தெரியாது. அப்பா அம்மா, தம்பி தங்கை, வேடிக்கை பார்ப்பவர் எல்லாருக்கும் ஒரு ஜோடி ப்ளக் கொடுங்கள். நிற்கும் இடம் சுடுபவருக்குப் பின்னால். குழல் முனைக்கு நேர்ப் பக்கத்தில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம்.

இரண்டு அடைப்பும் போட்டால் "ஸ்டாப்" என்ற சத்தம் கேட்காமல் போக வாய்ப்புண்டு. ஆகவே முதல் நாளே ரேஞ்ச் அதிகாரியிடம் கை சைகையும் சிவப்புக் கொடியும் எங்கே தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோச் தோளைத் தொட்டால் விரலை டிரிகரிலிருந்து எடு, துப்பாக்கியை முன்பக்கமே வைத்திரு, பிறகு கேள். சத்தம் கேட்கவில்லை என்று துப்பாக்கியோடு திரும்பிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு.

சரியாக அடைத்த காதுக்கு உடனடிப் பலன் ஒன்று உண்டு. வெடிக்கு முன்பே கண் சிமிட்டுவது, தோளை இழுப்பது, டிரிகரை வெடுக்கென்று அடிப்பது எல்லாம் பெரும்பாலும் சத்தத்துக்கு உடல் எதிர்பார்த்துப் பயப்படுவதால் வருவது. குண்டு இலக்கின் கீழே, பக்கவாட்டில் சிதறிப் போனால் குறிபார்க்கும் சைட்டைத் திருகுவதற்கு முன் காதைப் பாருங்கள்.

சத்தமே இல்லாத பயிற்சியும் இருக்கிறது: காலித் துப்பாக்கியில் டிரிகர் பழகுவது. ஆனால் ரிம்ஃபயரில் ஊசி தோட்டாவின் விளிம்பைத்தான் அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாவிட்டால் அந்த ஊசி அறையின் எஃகு விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போடலாம்; பிறகு உறை சிக்கும். போட்டித் துப்பாக்கிகள் சிலவற்றில் இதற்கென்றே வசதி உண்டு. கையேட்டைப் பார்க்காமலும் கோச்சைக் கேட்காமலும் சங்கத்துத் துப்பாக்கியில் வெற்று டிரிகர் இழுக்காதீர்கள். போலித் தோட்டா போட்டுப் பழகலாம்.

காது கொய்யென்று கேட்டால்

சுட்டு முடித்ததும் காதுக்குள் "கொய்ய்ங்" என்று இரைகிறது, ஆட்கள் பேசுவது பஞ்சுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றால் அன்றைய அடைப்பு தோற்றுவிட்டது. அன்று அதோடு நிறுத்துங்கள். வழக்கமாகச் சில மணி நேரத்தில் சரியாகும். ஆனால் சரியானது என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. உட்காதில் நத்தைக் கூடு போன்ற உறுப்புக்குள் இருக்கும் மயிரிழை அணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும். சொன்னது சட்டியா, தட்டியா, பட்டியா என்று மட்டும் பிடிபடாது. கல்யாண மண்டபக் கூட்டத்தில் இது முதலில் தெரியவரும்.

இரைச்சல் மறுநாளும் நிற்காவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அதற்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பூண்டு வைப்பது எதுவும் உட்காது வரை போகாது.

முதல் தோட்டா சுடுவதற்கு முன்பே ஒரு ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் தாள்) எடுத்து வைத்துவிடுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, உங்களுக்குப் பக்கத்திலுள்ள காது டாக்டரிடமோ கேட்கலாம். எடுப்பதற்கு முந்தைய 14 மணி நேரமாவது பெரிய சத்தம் எதிலும் இருக்கக்கூடாது. திருவிழா, மேளக் கச்சேரி, ரேஞ்ச் எதுவும் கூடாது. 4,000 ஹெர்ட்ஸோடு 3,000, 6,000 அளவுகளிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் 3,000-ஐயும் 6,000-ஐயும் விட்டுவிடுவார்கள். அந்தத் தாளை ரேஞ்ச் ஃபைலில் போட்டு, அடுத்த வருடம் அதே மாதம் அதே இடத்தில் எடுத்த தாளோடு இரண்டு காதையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். முதலில் இடது காதின் கோட்டைப் பாருங்கள்.